அப்பாவுக்கு மட்டும் கேட்கும் நிலா

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. இங்கே மூவரும் சுகம், அங்கே உன் சுகத்துக்கு ஒரு குறையும் இல்லையே என்று அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதிய கடிதம் நேற்றே தபாலில் போய்விட்டது. அது முதலில் வந்து சேரும், இது அதன் பின்னால் வரும். அதில் பேச்சு அப்பாவுடையது, கையெழுத்து மட்டும் என்னுடையது. இதில் இரண்டும் என்னுடையதுதான். மூவரும் சுகம் என்று அதில் இருக்கிறதே, அம்மாவைப் பொறுத்தவரை அது உண்மை. மற்ற இரண்டு பேருக்காகத்தான் இப்போது குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, அட்டையை மடியில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். மணி பதினொன்று ஆகப்போகிறது. அம்மா ராத்திரி டூட்டிக்குப் போயிருக்கிறாள். அப்பா பின்வாசல் படியில் உட்கார்ந்திருக்கிறார். கதவிடுக்கில் வெளிச்சம் தெரியக் கூடாதென்று துண்டைச் சுருட்டி அடைத்திருக்கிறேன். பயமாக இருக்கிறது அக்கா. ஆனால் ஒழுங்காக வரிசையாகச் சொன்னால்தான் உனக்குப் புரியும், அதனால் வீட்டுச் செய்தியிலிருந்தே தொடங்குகிறேன்.

அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் புது மெஷின் வந்திருக்கிறதாம், ஒரே தடவையில் நாற்பது படுக்கை விரிப்பைத் துவைத்துக் காயவைத்துத் தருமாம், மடிக்க மட்டும் தெரியாதாம். "துவைக்கக் கண்டுபிடிச்சவனுக்கு மடிக்கக் கண்டுபிடிக்க மனசு வரல பாரு, அவன் வீட்டுல மடிக்கறதுக்குன்னு ஒருத்தி இருந்திருப்பா" என்கிறாள். உன் கட்டிலில் நான்தான் படுக்கிறேன், உன் புத்தகங்களைத் தொடவில்லை, இரண்டைத் தவிர. உன் சைக்கிளின் பின்சக்கரத்தில் காற்று நிற்பதில்லை, இதை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். பள்ளிக்கூடத்தில் அறிவியலில் வகுப்பில் இரண்டாவது. கணக்கில் எத்தனையாவது என்று அப்பாவின் கடிதத்தில் ஒரு வரியும் இருக்காது, எழுதுகிறவள் நான்தானே. நீ வேலை முடிந்து வந்து வெறும் வயிற்றோடு படுக்காதே. ஆய்வகத்தில் கையுறை இல்லாமல் யாருடைய ரத்தத்தையும் தொடாதே. இதெல்லாம் அம்மா சொல்லச் சொன்னதில்லை, நானாகச் சொல்வது. மூன்று வருடமாக அப்பாவின் கடிதங்களை எழுதி எழுதி, ஒரு புத்திமதியாவது சொல்லாமல் ஒரு பத்தியை முடிக்க எனக்கு வருவதில்லை.

அப்பாவின் விரல்கள் நீ பார்த்ததைவிட மோசம். இருபத்தாறு வருடம் சுத்தியல் பிடித்த கை, கொஞ்சம் குளிர்ந்தாலும் விரல் நுனி சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிடுகிறது, பேனாவைப் பிடித்தால் எழுத்து புழுவாக நெளிகிறது. அதனால் கடிதம் மட்டுமில்லை, இப்போது ரயில் யார்டு ரிஜிஸ்டரையும் நான்தான் எழுதுகிறேன். அப்பா பகலெல்லாம் பெட்டிச் சக்கரங்களைச் சுத்தியலால் தட்டி, விரிசல் உண்டா என்று ஒலியை வைத்தே பார்த்து ஒரு சிட்டையில் கோடும் புள்ளியுமாகக் குறித்துக்கொண்டு வருவார். சாயங்காலம் அதைப் பார்த்து நான் ரிஜிஸ்டரில் வண்டி எண், சக்கரம், சரி அல்லது மந்தம் என்று நல்ல எழுத்தில் எழுதுவேன். அவர் ஒரு வரி விடாமல் படித்துப் பக்கத்தின் கீழே கையெழுத்துப் போடுவார். கையெழுத்து மட்டும் இன்னும் அவருடையது. விடியற்காலை ஐந்து மணிக்கு அது போர்மேன் மேசையில் இருக்க வேண்டும், அதைப் பார்த்துத்தான் வண்டியை விடுவார்கள். இதை நினைவில் வைத்துக்கொள், பின்னால் சொல்லப்போவதற்கு இது வேண்டும்.

இனி நிலா விஷயம். ஆறு மாதத்துக்கு முன்னால் எண்ணெய்க்கார மாமா அப்பாவுக்கு ஒரு வீடியோ காட்டினார். அவரை உனக்குத் தெரியும், அச்சுக்கெல்லாம் எண்ணெய் விட்டுக்கொண்டே எல்லாரையும் பார்த்து "உங்களுக்கெல்லாம் உலகம் தெரியாது" என்று சொல்கிறவர். அந்த வீடியோவில் ஒருவர் முகத்தைக் காட்டாமல் பேசுகிறார். நிலா நாம் நினைக்கிற மாதிரி கல் இல்லையாம், யாரோ செய்து கொண்டுவந்து நிறுத்திய பொருளாம், உள்ளே வெறும் கூடாம். அதனால்தான் எப்போதும் ஒரே முகத்தைக் காட்டுகிறதாம். சூரியனை மறைக்கும்போது பாத்திரத்துக்கு மூடி போட்ட மாதிரி அளவாகப் பொருந்துவதும் அதனால்தானாம். அங்கே போய் வந்தவர்கள் ஒரு கலத்தை அதன்மேல் மோதவிட்டபோது அது மணி மாதிரி ஒரு மணி நேரம் ஒலித்ததாம், அதை வெளியே சொல்லாமல் மூடி மறைத்துவிட்டார்களாம். மற்றதையெல்லாம் அப்பா சிரித்துக்கொண்டேதான் பார்த்தார். மணி மாதிரி ஒலித்தது என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். இன்னொரு தடவை போடச் சொன்னார். "பாறைய அடிச்சா டொக்குன்னு நின்னுடும். ஒலிச்சா அது வார்ப்பு. ஒரு மணி நேரம் ஒலிச்சா விரிசலே இல்லாத வார்ப்பு. இத்தனை காலமா விரிசல் விழாம இருக்குன்னா, யாரோ ஒருத்தன் தினமும் அதைத் தட்டிப் பாத்துக்கிட்டு இருக்கான்" என்றார். அந்த வீடியோவைப் பார்க்கிற மற்றவர்கள் நிலாவுக்குள் யார் இருக்கிறார்களோ என்று பயப்படுவார்கள் போலிருக்கிறது. அப்பாவுக்கு மட்டும் வேறு யார்டில் வேலை பார்க்கிற ஒருவர் அறிமுகமானது போல ஆகிவிட்டது.

நான் சும்மா இருக்கவில்லை அக்கா. சக்கரம்கூட உள்ளே கூடு இல்லையே, அதுவும்தானே பாடுகிறது என்று கேட்டேன். (நல்ல சக்கரத்தை அப்பா பாடுகிறது என்றுதான் சொல்வார், உனக்கு மறந்திருக்காது.) "அதைத்தான் குட்டி நானும் சொல்றேன், இரும்பு" என்றார். நிலாவுக்கும் நமக்கும் நடுவில் காற்றே இல்லை, சத்தம் எப்படி வரும் என்று கேட்டேன். "தண்டவாளத்துல காதை வச்சா மூணு மைலுக்கு அந்தப்பக்கம் வர்ற வண்டி கேக்குது, அது காத்துலயா வருது?" என்றார். அம்மா மட்டும்தான் அவரை மடக்கினாள். ஒரு பக்கத்தை மட்டும் காட்டுகிறவனை எப்படி நம்புவது என்று அப்பா நிலாவைப் பற்றிச் சொன்னபோது, "கல்யாணத்துக்கு முன்னாடி நீங்களும் அப்படித்தான் காட்டினீங்க, நான் நம்பலையா" என்றாள். அப்பாவே சிரித்துவிட்டார். அதன்பிறகு அம்மா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "விடுடி, குடிக்கல, சீட்டாடல, நிலாவை வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு, யாருக்கு என்ன நஷ்டம்" என்கிறாள். நாலு மாதமாக, ஞாயிற்றுக்கிழமை அம்மா ஆஸ்பத்திரிப் போனில் இரண்டு நிமிடம் பேசுவதைத் தவிர, வீட்டிலிருந்து உனக்குப் போன் வராததற்கும் இதுதான் காரணம், உன்மேல் கோபம் என்று நினைத்துக்கொள்ளாதே. போனில் பேசுவதையெல்லாம் யாரோ ஒட்டுக்கேட்கிறார்கள் என்று அதே ஆள் இன்னொரு வீடியோவில் சொல்லிவிட்டார். அதைக் கேட்டபிறகு அப்பா போனை விற்றுவிட்டார். வீடியோ பார்த்ததும் அந்தப் போனில்தான் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் வேடிக்கைதான். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒருநாள் சாப்பிட்டுவிட்டுப் பின்வாசல் படியில் உட்கார்ந்தவர் என்னைக் கூப்பிட்டார். "குட்டி, இங்க வா, கேளு" என்றார். நான் நின்று கேட்டேன். பக்கத்துத் தெருவில் ஒரு நாய், யாரோ தண்ணீர் மோட்டாரை ஓடவிட்டிருந்தார்கள், வேறொன்றும் இல்லை. "மெல்லிசா, கம்பி மாதிரி, விடாம ஒலிக்குது பாரு. அதான். நிலா" என்றார். அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும், பரிசு வாங்கின பையன் மாதிரி இருந்தது. எனக்கு மனசு வரவில்லை. ஆமாப்பா, லேசா கேக்குது என்று சொல்லிவிட்டேன். அக்கா, நான் செய்த முதல் தப்பு அதுதான். அன்றிலிருந்து தினமும் அங்கேதான் உட்காருகிறார். மேகம் மூடியிருந்தாலும் கேட்கிறதாம். நிலா இல்லாத நாளிலும் கேட்கிறதாம், கீழே போய்விட்டது, பூமிக்கு அந்தப்பக்கத்திலிருந்து வருகிறது என்கிறார். காதில் பஞ்சு வைத்துப் பாருங்கள் என்றேன். வைத்துப் பார்த்துவிட்டு இன்னும் நன்றாகக் கேட்கிறது என்று சந்தோஷப்பட்டார். நான் வகுப்பு ஆசிரியையிடம் யாரோ ஒருவரைப் பற்றிக் கேட்கிற மாதிரி கேட்டேன். இரும்பு இடிக்கிற சத்தத்திலேயே பல வருடம் வேலை செய்கிறவர்களுக்குக் காதுக்குள்ளேயே ஒலி கேட்குமாம். சுற்றிலும் அமைதியானால் அது பெரிதாகத் தெரியுமாம். அப்படிப்பட்டவர்களுக்கு வெளியே இருக்கிற மெல்லிய ஒலிகள் கேட்காமல் போகலாமாம், அது அவர்களுக்கே தெரியாதாம்.

அதைக் கேட்டபிறகு எனக்கு ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. குக்கர் விசில் அடித்தால் அப்பா எழுந்திருப்பதில்லை. வாசல் மணி அடித்தால் நான்தான் ஓட வேண்டும். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை, முன்னால் போய் நின்றால் நான் பேசுவதற்கு முன்பே என் உதட்டைப் பார்க்கிறார். ஆனால் வருடாவருடம் காது பரிசோதனையில் தேறிவிடுகிறாரே என்று கேட்பாய். அந்த டாக்டர் பின்னால் நின்றுகொண்டு ஐந்து எண்களை மெதுவாகச் சொல்வார், இவர் திரும்பச் சொல்ல வேண்டும். பல வருடமாக அதே ஐந்து எண்களைத்தான் சொல்கிறாராம். யார்டில் எல்லாருக்கும் அது மனப்பாடம். அப்பா அதை ஏமாற்று என்று நினைத்துச் செய்யவில்லை அக்கா, ஒரு வணக்கத்துக்குப் பதில் வணக்கம் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்.

இன்று பள்ளிக்கூடம் விடுமுறை. மதியச் சாப்பாட்டை நான்தான் யார்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். அப்பா நான்காம் லைனில் இருந்தார், மாவு மூட்டை ஏற்றிய சரக்கு வண்டி, முப்பத்திரண்டு பெட்டி. முடித்துவிட்டுச் சாப்பிடுகிறேன், கூட நடந்து வா என்றார். சாப்பாட்டுத் தூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு தட்டு, டிங் என்று ஒரு ஒலி, ஒரு சாக்பீஸ் குறி, இரண்டு அடி நடை. உனக்கும் எனக்கும் தாலாட்டு அதுதானே, சின்ன வயதில் தூக்கம் வராவிட்டால் கட்டில் காலைத் தட்டிக் காட்டுவாரே. பதினொன்றாவது பெட்டியில் இடதுபக்கம் மூன்றாவது சக்கரத்தைத் தட்டினார். டிங் வரவில்லை. ஈரச் சாக்கில் அடித்த மாதிரி தொப் என்றது. நான் நின்றுவிட்டேன். அப்பா நிற்கவில்லை. "நல்லா பாடுது" என்று சொல்லிக்கொண்டே சரி போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார். குனிந்து பார்த்தேன், மசகுதான் தெரிந்தது, விரிசல் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. பிரேக் கட்டை ஒட்டிக்கொண்டிருந்தாலும் அப்படி மந்தமாக ஒலிக்கும் என்று அப்பாவே சொல்லியிருக்கிறார். ஒட்டியிருந்ததா என்று எனக்குப் பார்க்கத் தெரியவில்லை. நான் எட்டாம் வகுப்பு படிக்கிறவள், அவர் இருபத்தாறு வருடம் தட்டியவர், எனக்கென்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். அவர் சாப்பிட்டார். என் கையில் தண்ணீர் வாங்கிக் குடித்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் அவர் சிட்டையைப் பார்த்து ரிஜிஸ்டரில் எழுதினேன். நான்காம் லைன், பதினொன்று, இடது மூன்று, சரி. என் கையால் எழுதினேன் அக்கா. அப்பா படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

அந்த வண்டி நாளைக் காலை ஐந்து நாற்பதுக்குக் கிளம்புகிறது. அதில் மாவு மூட்டை போக ஓட்டுநர் ஒருவர், கடைசியில் கார்டு ஒருவர். ரயில்வே கேட்டில் வண்டி போகட்டும் என்று நிற்கிறவர்கள் எத்தனை பேரோ. நான் என்ன செய்ய வேண்டும் என்று உன்னிடம் கேட்கத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அப்பாவின் காதைப் பற்றிப் போர்மேனிடம் போய்ச் சொன்னால் அப்பாவைக் கோள் மூட்டினவள் ஆகிவிடுவேன். சொல்லாவிட்டால் என்ன ஆவேன் என்பதை எழுதக்கூட பயமாக இருக்கிறது. இந்த இடம் வரைக்கும் எழுதின பிறகுதான் ஒன்று உறைத்தது, இந்தக் கடிதம் உன்னிடம் வந்து சேர பத்து நாள் ஆகும். நீ பதில் போட இன்னும் பத்து நாள். வண்டிக்கு இருப்பது ஆறு மணி நேரம். நான் இவ்வளவு நேரமும் உன்னிடம் கேட்பதாக நினைத்துக்கொண்டு ஒளிந்துதான் உட்கார்ந்திருக்கிறேன்.

ரிஜிஸ்டரில் ஒரு சட்டம் உண்டு. எழுதினதை அழிக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது. தப்பாக எழுதிவிட்டால் ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, தட்டியவரே அந்தக் கோட்டின் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அது இல்லையென்றால் நான் இந்நேரம் அவருக்குத் தெரியாமலே மாற்றி எழுதியிருப்பேன். போய்விட்டு வருகிறேன்.

அக்கா, விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன். இப்போது மணி நாலு. குளியலறையில் இல்லை, சாப்பாட்டு மேசையில் விளக்கைப் போட்டுக்கொண்டே எழுதுகிறேன். நடந்ததை நடந்த மாதிரியே சொல்கிறேன்.

ரிஜிஸ்டரை எடுத்து, சரி என்பதன் மேல் கோடு போட்டு, பக்கத்தில் மந்தம் என்று எழுதிக்கொண்டு பின்வாசலுக்குப் போனேன். அப்பா நிலாவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் வந்து நின்றது அவருக்குத் தெரியவில்லை, என் நிழலைப் பார்த்துத்தான் திரும்பினார். "தூங்கலையா? இன்னைக்கு நல்லா கேக்குது, உக்காரு" என்றார். நான் உட்காரவில்லை. ரிஜிஸ்டரை அவர் மடியில் விரித்து விளக்கைப் போட்டேன். படித்தார். கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். யார் அடிக்கச் சொன்னது என்று கேட்டார். நான்தான் என்றேன். அது பாடலப்பா, தொப்புன்னுச்சு என்றேன். "பாடுச்சு" என்றார். இல்லப்பா என்றேன். என் குரல் அழுகிற மாதிரி இருந்திருக்கும், அவருக்கு அது கேட்டிருக்காது, முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருப்பார். பிறகு மேலே கையைக் காட்டி, "இது கேக்குதா உனக்கு?" என்றார். இல்லை என்றேன். "கொஞ்சம் கூடவா?" கொஞ்சம் கூட இல்லப்பா. "அன்னைக்குக் கேக்குதுன்னியே?" நீங்க சந்தோஷப்பட்டீங்க, அதான் சொன்னேன் என்றேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். தலையைக் குனிந்துகொண்டு சிட்டையில் குறிக்கிற மாதிரி விரலால் படியில் ஏதோ கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

அப்புறம் அவரே எழுந்து சமையலறைக்குப் போய் இரண்டு பீங்கான் கோப்பை எடுத்துவந்தார். ஒன்று நல்லது, இன்னொன்று காது உடைந்து கீறல் விட்டது, அம்மா உப்பு போட்டு வைத்திருப்பது, உப்பைக் காகிதத்தில் கொட்டிவிட்டு எடுத்துவந்தார். என்னிடம் ஒரு கரண்டியைக் கொடுத்துவிட்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். "எதை வேணா தட்டு. பத்து தடவை. நான் சொல்றது சரியா தப்பான்னு நீ சொல்லாத, எண்ணிக்க மட்டும்" என்றார். தட்டினேன். நல்லது என்றார், சரி. நல்லது என்றார், தப்பு. கீறல் என்றார், தப்பு. இப்படியே பத்து. அக்கா, பாதியிலேயே எனக்குப் பொய் சொல்லிவிடலாம் என்று இருந்தது. எட்டு என்று சொன்னால் போதும். திரும்பிப் பார்க்காமல் எத்தனை என்று கேட்டார். நான் முன்னால் போய் நின்று, நாலு என்றேன். "காசைச் சுண்டிப் போட்டிருந்தா அஞ்சு வந்திருக்கும்" என்றார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது, சிரிப்பு மாதிரிதான் வந்தது.

பிறகு அவர் கேட்டதுதான் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "அப்போ இந்தச் சத்தம் வெளிய இல்லையா? உள்ளயா இருக்கு?" என்றார். ஆசிரியை சொன்னதைச் சொன்னேன், ஒவ்வொரு வார்த்தையாக, அவர் உதட்டைப் பார்க்கும்படி. இரும்பைத் தட்டித் தட்டி வருவது என்றேன். "மூணு மாசமா நான் கேட்டது என் சுத்தியலைத்தானா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதோடு முடியவில்லை. மறுபடி யார்டு ஆளாக ஆகிவிட்டார். ரிஜிஸ்டரை என்னிடம் தள்ளி, "எழுது" என்றார். ஒரு சக்கரத்துக்கு மட்டும் கையெழுத்துப் போட்டால் போதாது, இன்றைக்குத் தட்டினது முழுக்கச் சந்தேகம் என்றார். சக்கரத்தில் சந்தேகம் வந்தால் வாதம் பண்ணக் கூடாது, கழற்றி வைத்துப் பார்க்க வேண்டும், ஆளுக்கும் அதுதான் என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதினேன். "நான்காம் லைன் பெட்டிகள் அனைத்தையும் வேறு ஆள் வைத்து மறுபடி தட்டிப் பார்க்க வேண்டும். பதினொன்று இடது மூன்றை உடனே பார்க்க வேண்டும். தட்டியவரின் காது சந்தேகம்." காது என்றே எழுதவா என்று கேட்டேன். "அதைத்தான் எழுதணும். நிலான்னு எழுதிடாத, அவனுங்க ஓட்டியே கொன்னுடுவானுங்க" என்றார். கோட்டின் பக்கத்தில் ஒரு கையெழுத்து, கீழே ஒரு கையெழுத்து. இரண்டும் நெளிந்துதான் இருந்தது, ஆனால் அவருடையதுதான் என்று யாருக்கும் தெரியும்.

அதன்பிறகு இருவரும் தூங்கவில்லை. மூன்றரை மணிக்கே கிளம்பிவிட்டார், ராத்திரி ஷிப்டில் தட்டுகிற ஆள் வீட்டுக்குப் போவதற்குள் பிடிக்க வேண்டுமாம். போகும்போதுதான் நான் விளக்கு வெளிச்சத்தில் என்ன எழுதிக்கொண்டிருந்தேன் என்று கேட்டார், துண்டு அடைத்தும் ஜன்னல் வழியாகத் தெரிந்திருக்கிறது. அக்காவுக்குக் கடிதம் என்றேன். "நிலா பத்தி எழுதினியா?" எழுதினேன் என்றேன். "நல்லபடியா எழுதினியா?" தெரியலப்பா என்றேன். "காதுதான் சந்தேகம்னு எழுது. நிலா விஷயம் இன்னும் முடியல" என்றார். ரிஜிஸ்டரைப் பையில் வைத்தார். சுத்தியலைத் தோளில் எடுத்தவர், திரும்பி வந்து கதவோரம் சாய்த்து வைத்துவிட்டு வெறும் கையோடு போனார். தெருமுனை வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் சட்டைப்பையில் விடுவதும் எடுப்பதுமாக இருந்தார்.

இன்று அங்கே என்ன சொல்வார்களோ தெரியாது. வேறு வேலை கொடுப்பார்களா, விளக்கு அறையில் உட்காரவைப்பார்களா, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களா, ஒன்றும் தெரியாது. அந்தச் சக்கரம் நல்லதாகவே இருந்து எல்லாரும் சிரித்தாலும் சிரிக்கலாம். அப்படி இருந்தால் நல்லது என்று ஒரு மனசு சொல்கிறது, அப்பாவை நினைத்தால் இன்னொரு மனசு வேறு சொல்கிறது. அம்மா ஏழு மணிக்கு வருவாள், உப்பு ஏன் காகிதத்தில் இருக்கிறது என்று முதலில் கேட்பாள், அங்கிருந்து நானே எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். நீ ஒன்று செய். ஞாயிற்றுக்கிழமை அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து பேசும்போது, அந்த ஐந்து எண் டாக்டரிடம் இல்லாமல் நல்ல காது டாக்டரிடம் அப்பாவைக் கூட்டிப்போகச் சொல். நீ பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள், உன் பேச்சுக்கு மதிப்பு உண்டு. நிலாவைப் பற்றி அவரிடம் வாதாடாதே. அது அவருக்கு இருந்துவிட்டுப் போகட்டும், இன்று அவர் விட்டுக்கொடுத்தது போதும்.

ஆசி சொல்ல எனக்கு வயசு இல்லை. ஆனால் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே அப்பா, பெரியவளுக்கு என் ஆசீர்வாதத்தையும் சேர்த்து எழுதிவிடு, நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இருக்கட்டும், நல்லவர்கள் நாலு பேர் பக்கத்தில் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்படியே எழுதிவிட்டேன்.

மறக்காமல் ஒன்று. உன் கடிதம் வந்தால் நான் படிக்க அப்பா தலையாட்டிக்கொண்டே கேட்பார். போன மாதம் நீ மாடிப்படியில் விழுந்து மணிக்கட்டில் அடிபட்டதைப் படித்தபோதும் அதே மாதிரி சிரித்துத் தலையாட்டினார். அன்றைக்கு அவர்மேல் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. இனிமேல் பெரிய பெரிய எழுத்தாக எழுது அக்கா, அவர் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். கை எப்படி இருக்கிறது என்று முதல் வரியிலேயே எழுது, நீ விழுந்தது அவருக்கு இன்னும் தெரியாது.

இப்படிக்கு,
உன் தங்கை
குட்டி